கூடைக் கயிறும் மருதாணியும்

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்களில் பெண்களின் தலைமுடியைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கரைக்குத்தான் போக வேண்டும். மற்ற நாட்களில் அது கொங்காணிக்குள் இருக்கும். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போதே தலையில் அந்தக் கொங்காணித் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டால், அந்திக் கொழுந்து நிறுத்து முடிகிறவரை அவிழ்க்க நேரமிருக்காது. ஞாயிறு பகலில் வெயில் கொஞ்சம் தலைகாட்டியதும், லயம் என்ற வரிசை வீடுகளின் பெண்கள் சவுக்காரமும் சீயக்காயுமாகப் பீலிக்கு இறங்குவார்கள். யாருக்கு எவ்வளவு முடி, யாருக்கு நரை, யாருக்குப் பேன் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியும்.

கழுவிய தலையைப் பாறையில் உட்கார்ந்து உலர்த்தும்போது ஒரு சங்கதி கண்ணில் படும். நாற்பதைத் தாண்டிய கொழுந்துக்காரப் பெண்கள் பலருக்கு நெற்றிக்கு மேலே, உச்சிக்குச் சற்று முன்னால், ஒரு பட்டை வாக்கில் முடி மெலிந்திருக்கும். பின்னல் தடியாகத்தான் தொங்கும். முன்னால் தோல் தெரியும். "வயசு போனா அப்படித்தான்" என்று சொல்லிக்கொள்வார்கள். ஆனால் அதே வயதில் பஜாரில் கடை வைத்திருந்த அம்மாக்களுக்கும் எங்களுக்குப் படிப்பித்த டீச்சர்மாருக்கும் அந்தப் பட்டை கிடையாது. அது கயிறு போகிற தடம். கூடை முதுகில் கிடந்தாலும் பாரம் முழுவதும் தலையில்தான். நாளொன்றுக்கு 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், என்று கணக்கு வைத்த தோட்டங்கள் உண்டு. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் சேர்ந்து கனக்கும், ஆனால் நிறுவையில் தண்ணீருக்கென்று கழித்துக்கொள்வார்கள். கழுத்துக்கு அந்தக் கழிவு கிடையாது.

தோல் மருத்துவர்கள் இதை இழுவையால் வரும் முடியுதிர்வு என்கிறார்கள். முடியை இறுக்கிப் பின்னும் ஆபிரிக்கப் பெண்களிடத்திலும், தலைப்பாகைக்குள் முறுக்கிக் கட்டும் சீக்கியர்களிடத்திலும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே இழுவையை நிறுத்தினால் முடி திரும்ப வரும். வருடக்கணக்கில் இழுபட்டால் வேர்ப்பை தழும்பாகிப் போகும், பிறகு வராது. அம்மாவுக்கு அந்தப் பட்டை முப்பத்தைந்து வயதிலேயே விழுந்துவிட்டது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "முடி இல்லாட்டி கயிறு வழுக்காது, நல்லதுதான்" என்பார்.

எனக்கு முடி கொட்டத் தொடங்கியது 2003இல், உயர்தர வகுப்பில் சேர்ந்த புதிதில். அதற்குக் கொஞ்ச காலம் முன்பு டைபொயிட் என்ற நெருப்புக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியிருந்தேன். அந்த வருடம் எங்கள் லயத்தில் பல வீடுகளில் அந்தக் காய்ச்சல் இருந்தது. மேலே ஊற்றிலிருந்து வரும் தண்ணீர்தான் குடிப்பதற்கும், அது வரும் வழியில் என்னென்ன கலக்கிறது என்பதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. காய்ச்சல் இருந்தபோது ஒரு முடியும் விழவில்லை. உடம்பு தேறி, ரொட்டியும் சம்பலும் ருசிக்க ஆரம்பித்து, பள்ளிக்கூடம் போய்வரத் தொடங்கி எல்லாம் சரியானபிறகுதான், சீப்பை வைத்தால் கற்றை கற்றையாக வந்தது. தலையணையில் முடி, சோற்றில் முடி, வெள்ளை யூனிபோமின் முதுகில் முடி. அம்மா அதையெல்லாம் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைத்தார், பிறகு சவுரி கட்டலாம் என்று.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. அம்மாயி வெந்தயத்தை ஊறப்போட்டு அம்மியில் அரைத்துப் பூசினார். செவ்வரத்தம் இலையைக் கசக்கி நுரை எடுத்தோம். கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் எங்கள் காம்பராவை, அதாவது லயத்து அறையை, ஒரு வாரம் மணக்க வைத்தது. கடைசியில் அம்மாயி மாரியம்மனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொள்ளலாம் என்றார். "இருக்கிறதையும் குடுத்துட்டா அவ புதுசா தருவா" என்பது அவர் வாதம். பதினேழு வயதுப் பெண்ணிடம் சொல்லும் சமாதானமா அது. திருவிழா நெருங்க நெருங்க எனக்கு வயிறு கலங்கியது.

அந்தச் சமயத்தில்தான் சித்தி சவூதியிலிருந்து வந்து இறங்கினார். தோட்டத்துப் பெண்கள் வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போவது அப்போது சாதாரணமாகிவிட்டிருந்தது. லயத்துக்கு ஒருத்தியாவது போயிருப்பாள், பிள்ளைகள் அம்மாயிமாரிடம் வளரும். சித்தியும் இரண்டு பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுத்தான் போயிருந்தார். திரும்பி வந்தபோது கம்பளிப் போர்வை, பிளாஸ்டிக் பூ, தைலப் போத்தல்கள், ஈச்சம்பழம் இவற்றோடு ஒரு பால்மா டின்னில் இறுக்கி அடைத்த பச்சைத் தூள் ஒன்றும் வந்தது. மூடியைத் திறந்ததும் காய்ந்த புல்லின் வாசனை.

மருதாணி எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அது கைக்கு உரியது. பஜாரில் இருந்த என் முஸ்லிம் தோழி வீட்டுக்கு நோன்புப் பெருநாளுக்கு முன்னால் மட்டக்களப்புப் பக்கமிருந்து இலை வரும். அரைத்து விரல் நுனிகளுக்குத் தொப்பி போட்டுவிடுவார்கள். எனக்கும் கிடைக்கும். அதைத் தலையில் அப்புவார்கள் என்பதைச் சித்தி சொல்லித்தான் கேள்விப்பட்டோம். அவர் வேலை செய்த வீட்டில் வீட்டுக்காரம்மாவின் தாய்க்குத் தலைக்கு மருதாணி போட்டுவிடுவது சித்தியின் வேலைகளில் ஒன்று. காய்ந்த எலுமிச்சையைக் கொதிக்க வைத்த தண்ணீரில் குழைப்பார்களாம்.

"அங்க கெழவிங்க எல்லாம் இதத்தான் வைக்கிறாங்கக்கா. எழுவது வயசுலயும் முடி கெட்டியா நிக்குது" என்றார் சித்தி.

"அவங்க கூடை தூக்குறாங்களாடி?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்பை ஊதப் போனார்.

எதிர்ப்பு அம்மாயியிடமிருந்து வந்தது. மருதாணி குளிர்ச்சி. பொகவந்தலாவை அதைவிடக் குளிர்ச்சி. கடல் மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேலே, கெசல்கமுவ ஓயாப் பள்ளத்தாக்கில், மார்கழி தை மாதங்களில் காலையில் வாயைத் திறந்தால் புகை வரும் இடத்தில், நெருப்புக் காய்ச்சலில் பிழைத்த பிள்ளையின் தலையில் ஈரச் சேற்றை அப்பி மணிக்கணக்காக உட்கார வைப்பதா? "தலையில நீர் கோத்து ஜன்னி கண்டுரும்" என்றார். சித்தி கிராம்பு நாலைந்தைத் தட்டிப் போட்டால் சூடு ஈடுகட்டும் என்று ஒப்பந்தம் பேசினார். மொட்டையா மருதாணியா என்ற நிலையில் நான் எந்தப் பக்கம் நின்றிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை அந்தியில் வேலை தொடங்கியது. தூளைப் பழைய வொயில் சேலைத் துண்டில் சலித்தோம். துணியில் தங்கியது காம்பும் மணலும், கீழே விழுந்தது முகப்பவுடர் கணக்காக நைசாக இருந்தது. சவூதி எலுமிச்சை இங்கே ஏது? தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத்தூளில் இரண்டு பிடி போட்டு, அரைவாசி சுண்டக் கறுப்புச் சாயம் இறக்கினார் சித்தி. அதை ஆறவிட்டு, இரண்டு தேசிக்காயைப் பிழிந்து ஊற்றி, மரக்கரண்டியால் குழைத்தார். இரும்புச் சட்டியில் வைத்தால் நிறம் கறுக்கும் என்பார்கள், எங்களுக்குக் கிடைத்தது ஒரு மண்சட்டி.

இனித்தான் குளிர் தன் வேலையைக் காட்டியது. ரியாத்தில் மத்தியானம் குழைத்தால் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குள் சாயம் விட்டுவிடுமாம். எங்கள் காம்பராவில் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் சட்டிக்குள் பச்சை பச்சையாகவே கிடந்தது. சித்தி ஒரு பொட்டு எடுத்து உள்ளங்கையில் வைத்து, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்துப் பார்த்தார். வெறும் மஞ்சள். கடைசியில் சட்டியை மூடி, அடுப்பு மேடையில் தணல் அணையாத ஓரத்தில் வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் மூடியைத் திறந்தால் மேற்பரப்பு மண்ணிறமாகியிருந்தது. கரண்டியால் கீறினால் உள்ளே இன்னும் பச்சை. ஓரமாகச் செம்மஞ்சள் நீர் கசிந்து நின்றது. மறுபடி உள்ளங்கையில் பொட்டு. இந்த முறை துடைத்ததும் நல்ல ஆரஞ்சு நிறம் தங்கியது. "இப்ப சரி" என்றார் சித்தி.

இதன் காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மருதாணி இலையில் சாயத்துக்குரிய பொருள் லாசோன். உலர்ந்த இலையின் எடையில் ஒன்று இரண்டு வீதமளவுதான் இருக்கும், அதுவும் இலைக்குள் வேறொரு வடிவில் பூட்டிக் கிடக்கும். ஈரமும் இளஞ்சூடும் பட்டால்தான் வெளியே வரும். புளிப்பு, வெளியே வந்தது சீக்கிரம் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும். வெக்கையான ஊரில் சில மணி நேரத்தில் ஆகிற காரியம், மலைநாட்டில் ஓர் இரவு முழுக்க இழுக்கும். வந்தபின் அது முடியின் வெளிச்செதிலில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் கழன்று வராது. தோலும் நகமும் அதே கெரட்டின்தான், அதனால்தான் உள்ளங்கையும் சிவக்கிறது. ஆனால் தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதுப்பிக்கும், முடி அப்படி அல்ல, வெட்டுகிறவரை சுமந்துகொண்டிருக்கும்.

ஞாயிறு காலை என்னை இஸ்தோப்பில் பலகைக் கட்டையில் உட்கார்த்தி, நெற்றியோரமும் காதோரமும் தேங்காய் எண்ணெய் தடவினார் சித்தி. சாயம் தோலில் பிடிக்காமலிருக்க. சீப்பின் வால் நுனியால் வகிடு எடுத்து, விரலால் அள்ளி, வகிடு வகிடாக அப்பிக்கொண்டே போனார். முதல் பிடி மண்டையில் பட்டபோது பல் கிட்டியது. அடுப்போரச் சூடு சட்டிக்குள் இருந்ததே தவிர என் தலைவரை வந்து சேரவில்லை. அப்பி முடித்து, முடியைச் சுருட்டிக் கொண்டையாக்கி, அதன்மேல் ஒரு ஷொப்பிங் பேக்கைக் கவிழ்த்து, அதற்கும் மேலே அப்பாவின் மப்ளரைச் சுற்றிக் கட்டினார். கழுத்து ஒடிந்துவிடும் பாரம். அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய் நெருப்புக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தார்கள்.

பக்கத்துக் காம்பராக்களிலிருந்து ஆள் வர ஆரம்பித்தது. லயத்தில் ஒரு வீட்டு வாசனை அடுத்த வீட்டுக்குத் தெரியாமலிருக்காது, இதுவோ எவரும் அறியாத வாசனை. நனைந்த வைக்கோலும் கிராம்பும் தேயிலையும் சேர்ந்தது. சின்னப் பிள்ளைகள் வாசலில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காதுக்குப் பின்னாலிருந்து ஒரு சொட்டு பிடரியில் இறங்கி முதுகுவரை ஊர்ந்தது, துடைக்கக் கையைத் தூக்கினால் சித்தி அதட்டினார். ஒரு கிழவி என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது என்னாத்துக்கு, தலை பொண்ணு கேக்குதா?" என்று கேட்டார். அம்மாயி ஒரு மூலையில் உட்கார்ந்து என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், ஜன்னி வந்துவிட்டதா என்று.

சட்டியில் மிச்சம் இருந்தது. மருதாணி மிஞ்சினால் மண்ணில் கொட்ட யாருக்கும் மனம் வராது. அம்மாயியின் குதிகால் வெடிப்புகளுக்குள் கொஞ்சம் திணித்தார் சித்தி. ஈர மலையில் காலம் முழுக்க வெறுங்காலோடு நின்ற கால்கள் அவை. இன்னும் மிச்சம். "வா அக்கா" என்றார். அம்மா முதலில் மாட்டேன் என்றவர், வேலைநாள் அல்ல என்பதாலோ என்னவோ, அடுப்படியிலேயே குந்தி உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.

அம்மாவின் தலையை அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு வெளிச்சத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சித்தி சீப்பு வாலால் வகிடு எடுக்கப் போனால் முன்பக்கம் எடுப்பதற்கு வகிடே இல்லை. கயிற்றுத் தடத்தில் முடி முற்றாக இல்லாமலும் இல்லை. பூனை மயிராக, ஓர் அங்குலம்கூட வளராமல், முறிந்து முறிந்து நின்றது. அதற்கு நடுவில் தோல் பளபளவென்று தடித்து, சிவப்பாகவும் இல்லாமல் வெள்ளையாகவும் இல்லாமல் மெழுகின் நிறத்தில் இருந்தது. தடத்துக்குப் பின்னால் முடி அடர்த்தியாக, நரை கலந்து, நன்றாகவே இருந்தது. சித்தி ஒன்றும் பேசாமல் அந்தத் தோல்மேலும் ஒரு பிடி வைத்து அமுக்கினார். "சில்லுன்னு நல்லாருக்குடி" என்றார் அம்மா.

கழுவுவதுதான் பெரும்பாடு. பீலித் தண்ணீர் ஊற்றிலிருந்து நேராக வருவது, அதன் குளிருக்கு முன்னால் மருதாணி வெந்நீர். குனிந்து தலையைக் கொடுத்தால் பச்சைச் சேறாக ஓடியது, பிறகு தேயிலைச் சாய நிறம், பிறகு வைக்கோல் நிறம், இன்னும் விரலுக்குள் நறநறவென்று மணல். சவுக்காரம் போடக்கூடாது என்று சித்தி கட்டளை. ஓடிய தண்ணீர் கீழே எங்கள் கோவாப் பாத்திக்குள் போய் நின்றது. உலர்ந்ததும் தொட்டுப் பார்த்தேன். தும்புத்தடிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அழுகை வந்துவிட்டது. "நாளைக்கு எண்ணெய் வை, மூணாம் நாள் பாரு" என்றார் சித்தி.

மூன்றாம் நாள் சித்தி சொன்னபடி ஆனது. முடி எடை கூடினாற்போல் விழுந்தது. பின்னல் கைக்குத் தடித்தது. அடுப்படி இருட்டில் கறுப்பு, வெயிலில் நின்றால் ஓரங்களில் செம்பு. கருமுடியை மருதாணி வெளுக்காது, கறுப்புக்கு மேலே ஒரு சிவப்புக் கண்ணாடியைப் பூசிவிடும், அவ்வளவுதான். எண்ணெயையும் மீறி நெற்றியில் ஓரிடத்தில் பிடித்த கறை பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் கேலிக்கு ஆனது. அம்மாவின் கதை வேறு. நரையெல்லாம் முதல் நாள் பப்பாசி நிறத்தில் எரிந்தது, பிறகு காற்றுப் பட்டுப் பட்டுச் செம்மண் நிறத்துக்கு இறங்கியது. திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் கங்காணி, "என்னாங்க, மலையில நெருப்புப் புடிச்சிருச்சா?" என்றாராம். அம்மா கொங்காணியை இன்னும் கீழே இழுத்து விட்டுக்கொண்டு மலைக்கு ஏறினார்.

அடுத்தடுத்த மாதங்களில் எனக்கு முடி கொட்டுவது நின்றது. நெற்றியோரம் குட்டி முடிகள் முளைத்து நின்றன. மொட்டை நேர்த்தி காற்றில் போயிற்று. சித்தியின் டின்னுக்குக் கிராக்கி வந்தது, லயத்துப் பெண்கள் தேநீர்க் கோப்பையும் கையுமாக வந்து நின்றார்கள். டின் காலியானதும் பஜாரிலே பொட்டலம் வாங்கினார்கள். அந்தப் பொட்டலங்கள் இந்தியாவிலிருந்து வருபவை. ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துச் சோஜத் என்ற ஊர் இந்தத் தூளுக்குப் பேர்போனது, 2021இல் சோஜத் மருதாணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாலைவனத்து ஓரம், காய்ந்த மண், சுடுகிற வெயில், இவைதான் அந்தச் செடிக்குப் பிடித்தவை. சித்தி கொழும்புக்குப் போனபோது ஒரு குச்சியைக் கொண்டுவந்து லயத்துக் கோடியில் நட்டார். அடுத்த குளிரில் இலை கொட்டிப் பட்டுப்போனது. தேயிலை விரும்புகிற மழையும் பனியும் புளித்த மண்ணும் அதற்கு ஆகாது.

ஆனால் என் முடி திரும்பி வந்ததற்கு மருதாணிக்குக் கொடுத்த பேர் அதற்கு உரியதுதானா என்று யோசித்தால் பாதிக்குமேல் இல்லை என்றுதான் சொல்வேன். மனிதத் தலையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் முடி. நல்ல உடம்பிலேயே தினமும் ஐம்பது நூறு விழும். ஒவ்வொரு முடியும் சில வருடம் வளர்ந்து, இரண்டு மூன்று மாதம் ஓய்ந்து நின்று, பிறகு உதிரும். கடுங்காய்ச்சல், பிரசவம், பட்டினி வந்தால் உடம்பு ஏராளமான முடியை ஒரே தடவையில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். அதனால்தான் காய்ச்சலின்போது விழாமல், எல்லாம் சரியானபிறகு கொட்டுகிறது. காரணம் நீங்கியிருந்தால் ஆறு மாதமளவில் தானாக நிற்கும், தானாக முளைக்கும். வெந்தயம் பூசியிருந்தாலும் நின்றிருக்கும். மொட்டை போட்டிருந்தால் மாரியம்மனுக்குப் பேர் போயிருக்கும். சித்தி வந்த நேரம் நல்ல நேரம்.

மருதாணி செய்தது, இருந்த முடியைத் தடிப்பாக்கி முறியாமல் காத்தது. அதுவும் சின்ன விஷயமல்ல. ஆனால் லயத்துச் சுவருக்குத் தீபாவளிக்குத் தீபாவளி சுண்ணாம்பு அடிப்பது போன்ற காரியம் அது, சுவர் நிற்கும்வரை சுண்ணாம்பும் நிற்கும், அத்திவாரத்தை அது தொடாது. முடியின் அத்திவாரம் தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே லாசோன் போய்ச் சேருவதில்லை. அம்மாவின் தடத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. ஞாயிறு சித்தி வைத்த மருதாணி, திங்கள் காலையிலேயே கயிற்றுக்கு அடியில் போய்விட்டது.

தலை கழுவியதில் அம்மாவின் விரல்களிலும் மருதாணி பிடித்தது, ஆனால் எளிதில் தெரியவில்லை. ஆட்காட்டி விரலிலும் பெருவிரலிலும் கொழுந்துச் சாறு ஏறி ரேகை ரேகையாகக் கறுத்திருந்தது. சவுக்காரத்துக்கும் தேசிக்காய்க்கும் போகாத கறை அது. தேயிலைத் துவர்ப்பு காற்றுப் பட்டுக் கறுப்பது, பெக்டரிக்குள் இலையை நொறுக்கிப் பரப்பிவைக்கும்போது நடக்கிற அதே காரியம்தான், கொழுந்தெடுப்பவர்களின் தோலிலும் கொஞ்சம் நடக்கிறது.

கொழும்பில் வேலைக்கு வந்த பிறகு ஒரு நூலகத்துப் புத்தகத்தில் ஜூலியா மார்கரட் கெமரன் எடுத்த படங்களைப் பார்த்தேன். பெயர் எங்களூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவர் கிடக்கிறார். கல்கத்தாவில் 1815இல் பிறந்து, நாற்பத்தெட்டு வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கமெராவால் புகைப்படக்காரராகி, டார்வினையும் டெனிசனையும் படமெடுத்து, 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயா கிளென்கெயான் தோட்டத்தில் இறந்தவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன, அவரும் அதே கல்லறையில்தான். படங்களைப் பார்த்தபோது எனக்கு முதலில் பட்டது முடி. அவர் படமெடுத்த பெண்கள் பெரும்பாலும் முடியை அவிழ்த்துப் போட்டிருப்பார்கள். தோளில் புரண்டு, ஒளி பட்டு, ஒவ்வொரு இழையும் தெரியும். அவர் காலத்து இங்கிலாந்தில் மரியாதையான பெண்கள் வெளியில் முடியை விரித்துப் போடுவது வழக்கமல்ல, அவர் சொல்லித்தான் விரித்திருப்பார்கள். அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. கண்ணாடித் தகட்டில் பூசும் வெள்ளி நைத்திரேற்று பட்டு அவர் கைகள் எப்போதும் கறுத்தே இருக்குமாம். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை சொற்பம், தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்திருக்கிறார். எங்கள் மலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பீலிக்கரைக்குக் கமெராவோடு போயிருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நனைதகட்டு முறையில் ஒரு படத்துக்கு ஆள் சில நிமிடங்கள்கூட அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. எங்கள் ஆட்கள் தலை உலர்த்தும்போதுகூட அவ்வளவு நேரம் சும்மா இருக்க மாட்டார்கள்.

இப்போது ஹட்டனிலும் கொழும்பிலும் கறுப்பு மருதாணி என்று ஒன்று விற்கிறார்கள். அரை மணியில் கறுக்குமாம். மருதாணி இலையால் கறுப்பு வராது. வந்தால் அதில் வேறு சாயம், பெரும்பாலும் பாரா-பினைலீன்டையமின், கலந்திருக்கிறது என்று பொருள், தோல் கொப்பளித்து ஆயுள் முழுக்க ஒவ்வாமை தங்கிவிடக் கூடியது. சுத்தமான இலைத்தூளாக இருந்தாலும் கைக்குழந்தைகளுக்கு வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து காமாலை காணக்கூடும். எனக்கு இன்றும் பச்சைத்தூள், தேயிலைச் சாயம், தேசிக்காய்தான். கொழும்பு வெக்கையில் காலையில் குழைத்தால் மத்தியானத்துக்குள் விட்டுவிடுகிறது. அம்மாயி இருந்தால் கிராம்பு வேண்டாமென்றுகூடச் சொல்லியிருப்பார்.

அம்மா ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். கயிறு இறங்கிய பிறகும் தடம் தடமாகவே இருக்கிறது. தங்கச்சி மலைக்குப் போகிறாள். பிரம்புக் கூடை போய் நைலோன் சாக்கு வந்துவிட்டது, பாரம் குறைவு, மழையில் ஊறாது என்கிறார்கள். ஆனால் சாக்குக்கும் கயிறு தலையில்தான். அது கூடைக் கயிற்றைவிட மெல்லிசு, ஒரே கோட்டில் அறுக்கிறது என்று அவள் சொல்கிறாள். முதுகுப் பையாகத் தோளில் மாட்டுகிற மாதிரி ஒன்றைத் தைத்துக் கொடுக்க இத்தனை வருடத்தில் எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் தோன்றாதது எனக்கு ஆச்சரியமில்லை.

போன மாதம் ஊருக்குப் போகுமுன் தங்கச்சியிடம் போனில் கேட்டேன், மருதாணி கொண்டுவரட்டுமா என்று.

"அதெல்லாம் இங்க பஜார்லயே கெடக்குக்கா. நீ வரும்போது தடிப்பமா ஒரு துவாய் கொண்டா. நாலா மடிச்சி கயித்துக்கு அடியில வைக்க."

புறக்கோட்டையில் கையால் அழுத்திப் பார்த்துப் பார்த்து இரண்டு வாங்கினேன். நிறம் கேட்க மறந்துபோனது. கொழுந்துக் கறை தெரியாத மண்ணிறத்தில் எடுத்தேன்.